பெட்டிக்குள்ள காசு இல்ல: ஹார்ட்வேர் வாலெட்டை சரியா செட்டப் பண்றது எப்படி?



நம்ம காலேஜ்ல கிரிப்டோன்னு சொன்னா மூணு வகையான ஆளுங்க இருக்காங்க. கிளாஸ்ல கடைசி பெஞ்ச்ல சார்ட் பாத்துட்டு இருக்கிறவங்க, அவங்களைப் பாத்து சிரிக்கிறவங்க, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு பிளாக்செயின்னு டைட்டில் வச்சுட்டு முழிக்கிறவங்க. இந்தக் கட்டுரை மூணு பேருக்கும்தான். ஆனா முதல்லயே சொல்லிடறேன், பிட்காயின் வாங்கலாமா வேண்டாமாங்கிற கேள்விக்கு இதுல பதில் கிடையாது. ஏற்கெனவே கொஞ்சம் வாங்கி வச்சிருக்கீங்க, அதை எப்படி பத்திரமா வச்சுக்கிறது? அது மட்டும்தான் இங்க விஷயம்.

இதைத் தெரிஞ்சுக்க ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? யுபிஐல காசு போச்சுன்னா 1930-க்கு போன் பண்ணி, பேங்க் மூலமா அந்தப் பணத்தை நிறுத்தி வைக்க ஒரு வழியாவது இருக்கு. ஏடிஎம் பின் மறந்துட்டா பிராஞ்சுக்குப் போய் மாத்திக்கலாம். பிட்காயின் உங்க அட்ரஸை விட்டுப் போயிடுச்சுன்னா, அந்த ட்ரான்ஸாக்ஷனைத் திருப்பிப் போட உலகத்துல யாருக்கும் அதிகாரம் இல்ல. போலீஸ்ல புகார் கொடுக்கலாம், கொடுக்கணும். ஆனா "ரிவர்ஸ்"னு ஒரு பட்டனே அந்த சிஸ்டத்துல கிடையாது.

காயின் எங்கதான் இருக்கு?

ஹார்ட்வேர் வாலெட்டைப் பாத்தா பென்டிரைவ் மாதிரி இருக்கும். அதனால அதுக்குள்ள காயினை காப்பி பண்ணி வைக்கிறோம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்ல. காயின் எப்பவும் பிளாக்செயின்லதான் இருக்கு. பிளாக்செயின்ங்கிறது ஒரு பெரிய கணக்கு நோட்டு. அதோட காப்பி உலகம் பூரா ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள்ல இருக்கு. "இந்த அட்ரஸ்ல இவ்வளவு இருக்கு"ன்னு அதுல எழுதியிருக்கும். உங்ககிட்ட இருக்கிறது அந்த வரியை மாத்தச் சொல்ற உரிமை மட்டும்தான். அந்த உரிமைதான் ப்ரைவேட் கீ. பிட்காயினுக்கும் எத்தீரியத்துக்கும் அது ஒரு 256 பிட் எண்.

வேல்ஸ் நாட்டுல நியூபோர்ட்ங்கிற ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹோவெல்ஸ் கதையை நீங்க கேள்விப்பட்டிருக்கலாம். 2013-ல அவரோட பழைய ஹார்ட் டிஸ்க் ஒண்ணு குப்பைக்குப் போயிடுச்சு. சுமார் 8,000 பிட்காயினுக்கான ப்ரைவேட் கீ அதுல இருந்துச்சு. குப்பைக் கிடங்கைத் தோண்ட அனுமதி கேட்டு வருஷக்கணக்கா போராடினார். 2025 ஜனவரியில கோர்ட் அவர் வழக்கைத் தள்ளுபடி பண்ணிடுச்சு. இதுல கவனிக்க வேண்டியது, அந்தக் காயின்கள் இன்னும் பிளாக்செயின்ல பத்திரமாத்தான் இருக்கு. தொலைஞ்சது சாவி மட்டும்தான்.

எக்ஸ்சேஞ்ச்லயே விட்டா என்ன?

நீங்க ஒரு ஆப்ல காயின் வாங்கி அப்படியே விட்டிருந்தா, சாவி உங்ககிட்ட இல்ல. கம்பெனிகிட்ட இருக்கு. ஆப்ல தெரியற பேலன்ஸ், "உனக்கு நான் இவ்வளவு தரணும்"னு அவங்க எழுதிக் கொடுத்த சீட்டு மாதிரி.

அந்தச் சீட்டு பல தடவை பொய்யாயிருக்கு. டோக்கியோவுல இருந்த மவுன்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்ச் 2014 பிப்ரவரியில திவாலாச்சு. அப்போ காணாமப் போனதா அவங்க சொன்னது சுமார் 8,50,000 பிட்காயின். 2022 நவம்பர்ல எஃப்டிஎக்ஸ் விழுந்துச்சு. நம்ம நாட்டுல 2024 ஜூலை 18 அன்னைக்கு வாசிர்எக்ஸ் வாலெட்ல இருந்து சுமார் 23 கோடி டாலர், கிட்டத்தட்ட 2,000 கோடி ரூபாய் திருட்டுப் போச்சு. அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல மக்கள் அவங்க காயினை எடுக்க முடியாம காத்திருந்தாங்க. அது தொடர்பா ஒரு முதலீட்டாளர் போட்ட வழக்குலதான் 2025 அக்டோபர்ல சென்னை உயர் நீதிமன்றம், கிரிப்டோவும் ஒரு சொத்துதான்னு சொல்லுச்சு. நல்ல தீர்ப்பு. ஆனா தன்னோட காயினுக்காக ஒருத்தர் கோர்ட் படி ஏற வேண்டியிருந்துச்சுங்கிறதையும் பாருங்க.

அதே சமயம் எக்ஸ்சேஞ்ச்ல ஒரு வசதி இருக்கு. பாஸ்வேர்டு மறந்தா மாத்திக்கலாம். சாவி உங்க கைக்கு வந்துட்டா அந்த வசதி போயிடும். கம்பெனி தப்பு பண்ணுமோங்கிற பயம் போய், நாம தப்பு பண்ணுவோமோங்கிற பயம் வரும். உங்ககிட்ட இருக்கிறது ரெண்டாயிரம் ரூபாய் காயின்னா, சில ஆயிரம் கொடுத்து இந்தப் பெட்டியை வாங்குறதுல அர்த்தமே இல்ல. தொலைஞ்சா தூக்கம் போற அளவுக்கு ஒரு தொகை சேர்ந்த பிறகு யோசிங்க.

இன்னொண்ணு, சில இந்திய ஆப்கள்ல வாங்கலாம், விக்கலாம், ஆனா காயினை வெளிய எடுக்க முடியாது. உங்க ஆப்ல அந்த வசதி இருக்கான்னு பாத்துட்டு பெட்டியை ஆர்டர் பண்ணுங்க.

பிரின்சிபால் ஆபீஸ் சீல்

போனஃபைடு சர்டிஃபிகேட் வாங்க ஆபீஸுக்குப் போயிருப்பீங்க. சீல் அந்த ரூமை விட்டு வெளிய வரவே வராது. நாம லெட்டரை உள்ள கொடுப்போம், அவங்க படிச்சுப் பாத்து சீல் குத்தி வெளிய கொடுப்பாங்க. சீலை நம்ம கையில கொடுத்துட்டா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. செமஸ்டர் முடியறதுக்குள்ள அட்டெண்டன்ஸ் எல்லாருக்கும் நூறு சதவீதம் ஆயிடும்.

ஹார்ட்வேர் வாலெட் அந்த ரூம்தான். நம்ம லேப்டாப்ல கிராக் பண்ண சாஃப்ட்வேர், டோரன்ட், பேர் தெரியாத ப்ரௌசர் எக்ஸ்டென்ஷன்னு என்னென்னவோ இருக்கு. அதுல ப்ரைவேட் கீயை வச்சா ஒரே ஒரு மால்வேர் போதும். அதனால கீ அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளயே உருவாகி, அங்கயே இருக்கும். நீங்க காயின் அனுப்பும்போது நடக்கிறது இதுதான்:

லேப்டாப் "இந்த அட்ரஸுக்கு இவ்வளவு அனுப்பு"ன்னு ஒரு ட்ரான்ஸாக்ஷனைத் தயார் பண்ணி, கேபிள் வழியா பெட்டிக்குக் கொடுக்கும். பெட்டி அதைத் தன்னோட சின்ன ஸ்க்ரீன்ல காட்டும். நீங்க படிச்சுப் பாத்து பட்டனை அழுத்தினா, உள்ளேயே டிஜிட்டல் சிக்னேச்சர் போட்டு வெளிய அனுப்பும். லேப்டாப் அதை நெட்வொர்க்குக்கு அனுப்பி வைக்கும். வெளிய வந்த சிக்னேச்சரை வச்சு உள்ள இருக்கிற கீயைக் கண்டுபிடிக்க முடியாது. கிரிப்டோகிராஃபி பேப்பர்ல எலிப்டிக் கர்வ் படிச்சோமே, அது இங்கதான் வேலை செய்யுது.

இதுல படிச்சுப் பாக்கிற ஆள் நீங்கதான். பெட்டி படிக்காது, குத்தச் சொன்னா குத்தும். இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ மறுபடியும் வரும்.

வாங்கும்போது

இப்போ மார்க்கெட்ல பிரபலமானது ரெண்டு. செக் நாட்டுல ப்ராக் நகரத்துல இருக்கிற சடோஷிலேப்ஸ் தயாரிக்கிற ட்ரெசர், பிரான்ஸ் கம்பெனியோட லெட்ஜர். 2014-ல வந்த முதல் ட்ரெசர்தான் இந்த வகையையே தொடங்கி வச்சது. ட்ரெசரோட ஃபர்ம்வேர் கோடை யார் வேணும்னாலும் படிக்கலாம். லெட்ஜர் ஆரம்பத்துல இருந்தே செக்யூர் எலமென்ட்ங்கிற தனி சிப்பை நம்புது, அந்த சிப்போட கோடு முழுசா வெளிய கிடையாது. புது ட்ரெசர் மாடல்கள்லயும் இப்போ செக்யூர் எலமென்ட் வந்துடுச்சு. ரெண்டுல எது பெட்டர்ங்கிற சண்டை முடியாது. எதை வாங்குறோம்ங்கிறதை விட எங்க வாங்குறோம்ங்கிறது முக்கியம்.

கம்பெனியோட சொந்த சைட், இல்ல அந்த சைட்லயே அவங்க பேர் போட்டிருக்கிற விற்பனையாளர். இந்த ரெண்டை விட்டு வேற எங்கயும் வேண்டாம். செகண்ட் ஹேண்ட் வேண்டவே வேண்டாம். ஃப்ரெண்டு கொடுத்தாலும் வேண்டாம். நடுவுல யாரோ பிரிச்சு மாத்தி வச்சிருந்தா வெளிய இருந்து பாத்து நமக்குத் தெரியாது.

பெட்டியைத் திறக்கும்போது உள்ள ஒரு கார்டுல ஏற்கெனவே வார்த்தைகள் அச்சடிச்சு, "இதுதான் உங்க ரெகவரி வார்த்தைகள், இதைப் பயன்படுத்துங்க"ன்னு இருந்தா, அது பொறி. நீங்க காசு போடுற வரைக்கும் காத்திருந்து அவன் எடுத்துப்பான். ஒரிஜினல் பெட்டியில வர்ற கார்டு வெறுமையா இருக்கும்.

செட்டப்: ஒவ்வொரு படியா

1. தனியா உக்காருங்க. லேப்ல வேண்டாம், கேமரா இருக்கிற கேன்டீன்ல வேண்டாம். ரூம் மேட் வெளிய போன நேரமா பாத்து, போனைக் கவுத்து வச்சுட்டு ஆரம்பிங்க. பேனாவும் பேப்பரும் போதும்.

2. ஆப்பை டவுன்லோட் பண்ண சர்ச் பண்ணாதீங்க. தேடல்ல மேல வர்ற விளம்பரத்துல போலி சைட் இருக்க வாய்ப்பு அதிகம். பெட்டியில போட்டிருக்கிற முகவரியை நீங்களே எழுத்து எழுத்தா டைப் பண்ணுங்க.

3. ஆப் முதல்ல பெட்டி ஒரிஜினலான்னு சரிபாக்கும். அப்புறம் ஃபர்ம்வேர் போடும், இல்ல அப்டேட் பண்ணும். இதைத் தாண்டிப் போகாதீங்க.

4. "புது வாலெட் உருவாக்கு"ங்கிறதைத் தேர்ந்தெடுங்க. பெட்டி உள்ள ஒரு ரேண்டம் எண்ணை உருவாக்கி, அதை இங்கிலீஷ் வார்த்தைகளா மாத்தி ஸ்க்ரீன்ல காட்டும். இதுதான் சீட் ஃப்ரேஸ். பெரும்பாலும் 12 இல்ல 24 வார்த்தை இருக்கும், சில புது மாடல்கள்ல 20.

5. வரிசை நம்பர் போட்டு எழுதுங்க. கேபிட்டல் லெட்டர்ல, இங்கிலீஷ் ஸ்பெல்லிங்லயே எழுதுங்க. யாருக்கும் புரியக்கூடாதுன்னு தமிழ் எழுத்துல எழுதினா, அஞ்சு வருஷம் கழிச்சு ஸ்பெல்லிங் உங்களுக்கே புரியாது. 12 மற்றும் 24 வார்த்தை முறையில ஒவ்வொரு வார்த்தையோட முதல் நாலு எழுத்தும் லிஸ்ட்ல வேற எதுக்கும் வராது. அதனால அந்த நாலு எழுத்தாவது தெளிவா இருக்கணும்.

6. பின் நம்பர் வைங்க. சில மாடல்கள்ல இந்தப் படி முன்னாடியே வரும். பிறந்த வருஷமும் ரோல் நம்பரும் வேண்டாம். லெட்ஜர்ல 3 தடவை தப்பா போட்டா எல்லாம் அழிஞ்சிடும். ட்ரெசர்ல அதை விட அதிக தடவை முயற்சி பண்ணலாம், ஆனா ஒவ்வொரு தப்புக்கும் காத்திருக்கிற நேரம் கூடிக்கிட்டே போகும். அழிஞ்சா பயப்பட வேண்டாம், வார்த்தைகள் இருந்தா திரும்ப வந்துடும்.

7. இப்பவே அழிச்சுப் பாருங்க. நிறைய பேர் இதைச் செய்யறதே இல்ல. காசு எதுவும் போடுறதுக்கு முன்னாடி, வாலெட்டோட ஒரு ரிசீவ் அட்ரஸைக் குறிச்சு வச்சுக்கிட்டு, பெட்டியை ரீசெட் பண்ணுங்க. எழுதின பேப்பரை மட்டும் வச்சு மறுபடியும் ரெகவர் பண்ணுங்க. பழைய அட்ரஸே வந்தா நீங்க எழுதினது சரி. வரலைன்னா இப்பவே தெரிஞ்சது நல்லதுதான், இன்னும் ஒரு ரூபா கூட உள்ள போகலையே.

ஏழாவது படியைச் செஞ்சு பாத்தவங்களுக்கு ஒரு விஷயம் தானா புரிஞ்சிருக்கும். பெட்டி உடைஞ்சாலும், பஸ்ல தொலைஞ்சாலும், கம்பெனியே மூடிட்டாலும் பரவாயில்ல. வார்த்தைகள் இருந்தா அதே முறையை ஆதரிக்கிற வேற பெட்டியில கூட எடுத்துடலாம். அதே மாதிரி, அந்த வார்த்தைகள் வேற ஒருத்தர் கைக்குப் போனா உங்க பெட்டி பீரோவுக்குள்ள பூட்டி இருந்தும் பிரயோஜனம் இல்ல. பின் நம்பர் பெட்டிக்குத்தான் பூட்டு. வார்த்தைகளுக்குப் பூட்டே கிடையாது.

12 வார்த்தைகளை எங்க வைக்கிறது?

கொஞ்சம் கணக்கு பாப்போம். பிப் 39-ங்கிற தரத்துல மொத்தம் 2,048 வார்த்தைகள். அதாவது 2-இன் 11-ஆவது அடுக்கு, ஒரு வார்த்தைக்கு 11 பிட். 12 வார்த்தைக்கு 132 பிட். அதுல 128 பிட் ரேண்டம், மீதி 4 பிட் செக்சம். 128 பிட்னா, 34 போட்டு அதுக்கப்புறம் 37 சைபர் போட்டா வர்ற எண்ணிக்கையிலான வாய்ப்புகள். உலகத்துல இருக்கிற எல்லா கம்ப்யூட்டரையும் சேர்த்தாலும் ஒவ்வொண்ணா முயற்சி பண்ணிக் கண்டுபிடிக்க முடியாது.

இப்போ அதை போன்ல ஒரு போட்டோ எடுக்கறீங்க. போட்டோ கிளவுடுக்குப் போயிடுச்சு. அந்த 128 பிட் பாதுகாப்பு, உங்க மெயில் பாஸ்வேர்டு அளவுக்குச் சுருங்கிடுச்சு. எங்க ஹாஸ்டல்ல ஒரு பையன், இன்டர்ன்ஷிப்ல வந்த முதல் ரெண்டு மாச ஸ்டைபெண்டை காயினா போட்டு வச்சிருந்தான். வார்த்தைகளை சாட்ல தனக்குத்தானே மெசேஜ் அனுப்பி வச்சிருந்தான். "எனக்கு மட்டும்தானே டா தெரியும்"னான். அந்த சாட் லேப் கம்ப்யூட்டர்ல லாகவுட் ஆகாம ரெண்டு நாளா திறந்து கிடந்துச்சு. நல்லவேளை, காசு போகல. அவன் உடனே பின்னை மாத்தப் போனான். பின்னை மாத்தி பிரயோஜனம் இல்ல. வார்த்தைகள் வெளிய தெரிஞ்சிருக்குன்னு சந்தேகம் வந்தா செய்ய வேண்டியது ஒண்ணுதான். புது சீட் ஃப்ரேஸோட புது வாலெட் உருவாக்கி, எல்லாக் காயினையும் அங்க மாத்தணும். பழசை மறந்துடணும்.

அதனால போட்டோ, ஸ்க்ரீன்ஷாட், நோட்ஸ் ஆப், மெயில் டிராஃப்ட், ஜெராக்ஸ் கடை எதுவுமே வேண்டாம். கீபோர்டுல அந்த வார்த்தைகளை டைப் பண்ணவே கூடாது.

"ஆறு வார்த்தை வீட்ல, ஆறு வார்த்தை ஹாஸ்டல்ல வைக்கலாமே"ன்னு ஒரு ஐடியா எல்லாருக்கும் வரும். கேக்க நல்லா இருக்கு, கணக்குல சரியா வராது. ஒரு பாதி திருடன்கிட்ட கிடைச்சா, அவன் கண்டுபிடிக்க வேண்டியது ஆறு வார்த்தை, 66 பிட். செக்சம் போக 62 பிட்தான். 128 எங்க, 62 எங்க? பாதியா குறையல, 2-இன் 66-ஆவது அடுக்கு மடங்கு குறைஞ்சிருக்கு. அதுக்கும் மேல, ரெண்டு பாதியில எது தொலைஞ்சாலும் மொத்தமும் உங்களுக்கே போயிடும். முழு வார்த்தைகளையும் ரெண்டு காப்பி எழுதி, ரெண்டு பத்திரமான இடத்துல வைக்கிறதுதான் சரி.

பேப்பருக்கு எதிரி திருடன் மட்டும் இல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னையில எத்தனை வீட்டு பீரோல பத்திரமும் சர்டிஃபிகேட்டும் கூழாச்சுன்னு வீட்ல கேளுங்க. தொகை பெருசுன்னா எஃகுத் தகட்டுல பொறிச்சு வைக்கலாம். இதுக்குன்னே தகடு விக்கிறாங்க. மெக்கானிக்கல் பசங்களுக்கு லெட்டர் பஞ்ச் தெரியும், சுத்தியலால ஒவ்வொரு எழுத்தா குத்துற அதே செட்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உருக சுமார் 1,400 டிகிரி வேணும், வீட்டுத் தீக்கு அது தாங்கும். ஆனா ஒர்க்‌ஷாப்ல லேப் அசிஸ்டன்ட் முன்னாடி உக்காந்து குத்திடாதீங்க.

முதல் ட்ரான்ஸாக்ஷன்

நிஜக் காசுக்கு முன்னாடி டெஸ்ட்நெட்ல பழகுங்க. எத்தீரியத்துக்கு செபோலியா, பிட்காயினுக்கும் தனியா டெஸ்ட்நெட் இருக்கு. அந்தக் காயினுக்கு மதிப்பு கிடையாது, ஃபாசெட்ங்கிற சைட்கள்ல இலவசமா கிடைக்கும். தப்பு பண்ணினா சிரிச்சுட்டுப் போகலாம்.

நிஜமா எக்ஸ்சேஞ்ச்ல இருந்து எடுக்கும்போது, லேப்டாப் ஸ்க்ரீன்ல தெரியற அட்ரஸை மட்டும் நம்பாதீங்க. நீங்க காப்பி பண்ண அட்ரஸை பேஸ்ட் பண்ணும்போது திருடனோட அட்ரஸா மாத்திடற கிளிப்போர்டு மால்வேர் இருக்கு. பெட்டியோட ஸ்க்ரீன்ல அட்ரஸைக் காட்டச் சொல்லி, எக்ஸ்சேஞ்ச் பக்கத்துல பேஸ்ட் ஆனதோட ஒப்பிட்டுப் பாருங்க. முதல் நாலு, கடைசி நாலு எழுத்து மட்டும் பாத்தா போதாது. அதே ஆரம்பமும் முடிவும் வர்ற மாதிரி போலி அட்ரஸ் தயாரிச்சு, உங்க பழைய ட்ரான்ஸாக்ஷன் லிஸ்ட்ல வந்து நிக்க வைக்கிறாங்க. நடுவுலயும் பாருங்க. பழைய லிஸ்ட்ல இருந்து அட்ரஸை எடுக்கவே எடுக்காதீங்க.

நெட்வொர்க்கையும் பாருங்க. யுஎஸ்டிடி எத்தீரியத்துலயும் இருக்கு, ட்ரான்லயும் இருக்கு. பேர் ஒண்ணுதான், ரோடு வேற வேற.

முதல்ல ஒரு சின்னத் தொகை அனுப்பி, வந்து சேர்ந்த பிறகு மீதியை அனுப்புங்க. ரெண்டு தடவை ஃபீஸ் போகும்தான், போகட்டும்.

படிக்காம பட்டனை அழுத்தாதீங்க

சீல் குத்தற ரூம் ஞாபகம் இருக்கா? 2025 பிப்ரவரி 21-ல பைபிட்ங்கிற எக்ஸ்சேஞ்ச்ல சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் திருடு போச்சு. கிரிப்டோ வரலாற்றுலயே அதுவரைக்கும் நடந்ததுல மிகப் பெரிய திருட்டு. வட கொரியாதான் காரணம்னு அமெரிக்க எஃப்பிஐ சொல்லுச்சு. ஆச்சரியம் என்னன்னா, அவங்க ஹார்ட்வேர் வாலெட் பயன்படுத்தினாங்க. ஒருத்தர் மட்டும் கையெழுத்து போட்டா போதாது, பல பேர் போடணும்ங்கிற ஏற்பாடும் இருந்துச்சு. அப்படியும் எப்படி?

ட்ரான்ஸாக்ஷனைக் காட்டற வெப் பக்கத்தையே திருடங்க மாத்திட்டாங்க. கம்ப்யூட்டர் ஸ்க்ரீன்ல வழக்கமான ட்ரான்ஸாக்ஷன் தெரிஞ்சுது. பெட்டிக்குப் போனது வேற ஒண்ணு. அது மனுஷனால படிச்சுப் புரிஞ்சுக்க முடியாத டேட்டாவா இருந்ததால, கம்ப்யூட்டரை நம்பி எல்லாரும் பட்டனை அழுத்திட்டாங்க. சீல் ரூமை விட்டு வெளிய போகவே இல்ல. தப்பான லெட்டர்ல குத்தப்பட்டது, அவ்வளவுதான். வாசிர்எக்ஸ் திருட்டுலயும், ஸ்க்ரீன்ல தெரிஞ்சதும் கையெழுத்தானதும் வேற வேறன்னுதான் அந்தக் கம்பெனி சொல்லுச்சு.

இதுக்குப் பேர் பிளைண்ட் சைனிங். வெறும் காயின் அனுப்புறதும் வாங்குறதும் மட்டும் பண்றவங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அட்ரஸும் தொகையும் பெட்டி ஸ்க்ரீன்ல தெளிவா வரும். ஆனா டிஃபை, என்எஃப்டின்னு ஏதாவது சைட்ல வாலெட்டை கனெக்ட் பண்ணும்போது, "அப்ரூவ்"ங்கிற ஒரே பட்டனுக்குப் பின்னாடி "என்கிட்ட இருக்கிற இந்த டோக்கன் மொத்தத்தையும் நீ எப்ப வேணா எடுத்துக்கோ"ங்கிற அனுமதி இருக்கலாம். பெட்டியில வர்றது புரியலைன்னா ரிஜெக்ட் பண்ணுங்க. ரிஜெக்ட் பண்ணி யாரும் காசு இழந்தது இல்ல. விளையாடிப் பாக்கணும்னா அதுக்குன்னு தனி வாலெட், அதுல சின்னத் தொகை. சேமிப்பு இருக்கிற வாலெட்டை எந்த சைட்லயும் கனெக்ட் பண்ணாதீங்க.

பெட்டியையே தூக்கிட்டுப் போனா?

ஈசிஇ மக்களுக்குப் பிடிச்ச பகுதி இது. ஜோ கிராண்ட்ங்கிற ஹார்ட்வேர் ஹேக்கர் 2022-ல ஒரு வீடியோ போட்டார். பின் மறந்துபோன ஒருத்தரோட பழைய ட்ரெசர் ஒன் மாடலை, சிப்புக்கு சரியான நேரத்துல ஒரு கிளிட்ச் கொடுத்துத் திறந்து காட்டினார். உள்ள சுமார் 20 லட்சம் டாலர் மதிப்புள்ள டோக்கன். சொந்தக்காரர் சம்மதத்தோட நடந்ததுதான். ஆனா பழைய மாடல் ஒண்ணு திறமையான ஆள் கையில கிடைச்சா பின் நம்பர் மட்டும் காப்பாத்தாதுன்னு இதுல இருந்து தெரியுது.

பெட்டி தொலைஞ்சா பதற வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். வேற பெட்டியில வார்த்தைகளை வச்சு ரெகவர் பண்ணி, புது சீட் ஃப்ரேஸ் இருக்கிற வாலெட்டுக்குக் காயினை மாத்திடுங்க. பின் நம்பர் அதுவரைக்கும் உங்களுக்கு நேரம் வாங்கிக் கொடுக்கும்.

பாஸ்ஃப்ரேஸ்னு ஒரு கூடுதல் வசதி இருக்கு. வார்த்தைகளோட நீங்களே ஒரு ரகசியச் சொல் சேர்க்கலாம். பேப்பர் திருடு போனாலும் அது இல்லாம திறக்க முடியாது. ஆனா பாஸ்ஃப்ரேஸைத் தப்பா போட்டா "தப்பு"ன்னு சொல்லாது, காலியான வேற ஒரு வாலெட்டைத் திறந்து காட்டும். மறந்தா போச்சு. புதுசா ஆரம்பிக்கிறவங்க கொஞ்ச நாளைக்கு இதைத் தொடாம இருக்கிறது நல்லது.

"கஸ்டமர் சப்போர்ட்ல இருந்து பேசுறோம்"

2020-ல லெட்ஜர் கம்பெனியோட வாடிக்கையாளர் விவரங்கள் கசிஞ்சுது. சுமார் 2,70,000 பேரோட பேர், வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாம் இணையத்துல வெளியாச்சு. யாரோட கீயும் கசியல, பெட்டிகள் எல்லாம் பாதுகாப்பாத்தான் இருந்துச்சு. ஆனா யார்கிட்ட கிரிப்டோ இருக்குங்கிற லிஸ்ட் திருடங்க கைக்குப் போயிடுச்சு. அப்புறம் போலி மெயில், போலி மெசேஜ், வீட்டுக்கே லெட்டர். 2021-ல சிலருக்கு "உங்க பழைய பெட்டி பாதுகாப்பு இல்ல, இதைப் பயன்படுத்துங்க"ன்னு போலி பெட்டியே தபால்ல வந்துச்சு. எல்லாத்துக்கும் குறி ஒண்ணுதான், உங்க வார்த்தைகள்.

நீங்க ரெகவர் பண்ணும்போது உங்க கையில இருக்கிற பெட்டி கேக்கும். அதைத் தவிர உங்க வார்த்தைகளைக் கேக்க இந்த உலகத்துல யாருக்கும் காரணமே கிடையாது. கம்பெனி கேக்காது, எக்ஸ்சேஞ்ச் கேக்காது, இன்கம்டாக்ஸ் கேக்காது. "அவசரம், இன்னும் ஒரு மணி நேரத்துல லாக் ஆயிடும்"னு சொன்னா போனை வைங்க. உங்ககிட்ட எவ்வளவு காயின் இருக்குன்னு ஸ்டேட்டஸ் போடுறதையும் விட்டுடுங்க.

டாக்ஸ்னு சொன்னதும் ஒரு விஷயம். ஹார்ட்வேர் வாலெட்ல வச்சா வரி கிடையாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 2022 பட்ஜெட்ல இருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம் வரி, விக்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ். ஒரு காயின்ல வந்த நஷ்டத்தை இன்னொண்ணோட லாபத்துல கழிக்கவும் முடியாது. வாங்கின தேதியும் விலையும் ஒரு ஃபைல்ல எழுதி வைங்க.

வீட்ல யாருக்குத் தெரியும்?

இருபத்தொரு வயசுல இதைப் பத்திப் பேசினா "வாயைக் கழுவு"ன்னு அம்மா சொல்லுவாங்க. இருந்தாலும் சொல்லித்தான் ஆகணும். பேங்க் அக்கவுன்ட்டுக்கு நாமினி இருக்கு. நமக்கு ஏதாவது ஆச்சுன்னா பிராஞ்சுல பேப்பர் கொடுத்து வீட்ல வாங்கிப்பாங்க. உங்க வாலெட்டுக்கு நாமினி கிடையாது. வார்த்தைகள் எழுதின தகடு பீரோல இருந்தாலும், அது என்னன்னு வீட்ல யாருக்கும் தெரியலைன்னா, ஆயுதபூஜைக்கு வீட்டைச் சுத்தம் பண்ணும்போது பழைய இரும்புக்குப் போயிடும்.

அதனால நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட, அது அக்காவோ அப்பாவோ, ரெண்டு விஷயம் சொல்லி வைங்க. இப்படி ஒண்ணு இருக்கு, இன்ன இடத்துல இருக்கு. வார்த்தைகளைச் சொல்ல வேண்டியதில்ல. ஒரு கவர்ல, எந்தப் பெட்டி, என்ன ஆப், எப்படி ரெகவர் பண்றது, எந்த நண்பனை உதவிக்குக் கூப்பிடலாம், வார்த்தைகளை யாருக்கும் போன்ல சொல்லக் கூடாதுன்னு எளிமையான தமிழ்ல ஒரு பக்கம் எழுதி வைங்க. அதை அவங்ககிட்ட ஒரு தடவை படிக்கச் சொல்லி, புரியுதான்னு கேளுங்க. புரியலைன்னு அவங்க சொன்ன வரியைத் திருத்தி எழுதுங்க.

பெட்டி ஏற்கெனவே கையில இருக்கிறவங்க இந்த வாரம் செய்ய வேண்டியது, செட்டப்ல சொன்ன ஏழாவது படி. ஆனா இப்போ உள்ள காசு இருக்கே, அதனால ரீசெட் பண்ணாதீங்க. ரெண்டு கம்பெனி பெட்டியிலயும், அழிக்காமலே வார்த்தைகள் சரியான்னு சோதிக்கிற வசதி இருக்கு. அதை ஓட்டிப் பாருங்க. பேப்பரை எங்க வச்சோம்னு தேட வேண்டியிருந்தா, முதல் வேலை அதுதான்.